பசிக்கும் சோற்றுக்கும் மூன்று படி

"கொலையா?" என்று சேஷன் ஆசையோடு கேட்டான்.

"தையல் மிஷின்," என்றார் ரத்னாபாய் டீச்சர்.

சேஷன் கோட்டைக் கழற்றி மறுபடியும் ஆணியில் மாட்டினான். "தையல் மிஷினுக்கெல்லாம் கோட்டு வேண்டாம், டீச்சர். மேல்துண்டே தாராளம்."

திருவிதாங்கூர்த் தலைநகரில், பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முக்கில், ஒரு தேங்காய்க் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய அறை. 'அந்தரங்க விசாரணை' என்று வாசலில் பலகை. ரத்னாபாய் நாகர்கோவில்காரர். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, திடுமென்று ராஜினாமா எழுதிக் கொடுத்து வந்தவர். ஏன் என்று கேட்டால், "பிள்ளைங்க பொய் சொன்னா எனக்கு உடனே தெரிஞ்சு போகுது. பெரியவங்ககிட்டயும் பாப்போமேன்னுதான்" என்பார். சொல்லும்போது சிரிக்கமாட்டார். சேஷன் கோட்டை மதிலுக்குள் இருக்கும் அக்ரஹாரத்துப் பிள்ளை. வயது இருபத்தேழு. வாயால் இரண்டு உத்தியோகம் போனவன். இந்த மூன்றாவது உத்தியோகத்தில் வாயும் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டதால் ஆறு மாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

சாலைக் கடைத்தெருவுக்கு நடக்கும்போதே டீச்சர் விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

'வஞ்சி விநோதினி' என்று ஒரு மாதப் பத்திரிகை. ஆசிரியர் பட்டாபி, எம்.ஏ. மாதாமாதம் அவர் 'சொல் ஏணி' என்று ஒரு போட்டி வைப்பார். ஒரு சொல்லைக் கொடுத்து, படிக்கு ஓர் எழுத்தாக மாற்றிக்கொண்டே போய் இன்னொரு சொல்லாக ஆக்கச் சொல்வார். நடுவில் வருவதெல்லாம் அர்த்தமுள்ள சொல்லாக இருக்கவேண்டும். குறைந்த படியில் ஏறியவருக்குப் பரிசு. சிங்க மாத இதழில், அதாவது ஆவணியில், அவர் கொடுத்தது பசி. போய்ச் சேரவேண்டிய இடம் சோறு. பரிசு, சாலையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திரவியம் கொடுக்கும் தையல் மிஷின்.

பட்டாபி அதோடு விட்டிருக்கலாம். 'என் விடை முத்திரையிடப்பட்டு திரவியம் கடை இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதைவிடக் குறைந்த படியில் ஏறுபவர் இச்சமஸ்தானத்தில் எவரேனும் இருப்பின், அன்றோடு சொல் ஏணி கட்டுவதை நிறுத்திவிடுகிறேன்' என்று கட்டம் கட்டி அச்சடித்தும் விட்டார்.

அடுத்து வந்த கன்னி மாதம் முதல் தேதி, கடையில் நாலு பேர் முன்னால் உறையைப் பிரித்தார்கள். ஆசிரியரின் விடை: பசி, ஊசி, ஊறு, சோறு. மூன்றே படி. வந்திருந்த இருநூற்றுச் சொச்சம் விடைகளில் மூன்று படியில் ஏறியது ஒருத்திதான். பொன்னம்மை என்ற விதவை, வீட்டிலிருந்து கையால் தையல் தைத்துப் பிழைப்பவள். ஆசிரியரின் அதே நான்கு சொற்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டல் ஓய்ந்ததும், "அவ தம்பி தங்கப்பன் அந்த அச்சாபீசுலதானே எழுத்துக் கோக்கான்?" என்று யாரோ கேட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெற்றி திருட்டாகிவிட்டது. மிஷினைக் கடையிலேயே நிறுத்தி வைத்தார்கள். தங்கப்பனை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இன்றோடு ஒன்பது நாள்.

"விடையை எதிர்ல நின்னு பாத்தவன் தங்கப்பன். முடிஞ்சுது கேஸ்," என்றான் சேஷன். "திரும்பிடலாமா? வெயில் ஏறறது."

"நடங்க," என்றார் டீச்சர்.

திரவியம் கடை வாசலில் மிஷின் நின்றது. மேலே ஒரு மல்லு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள்.

"வாங்க டீச்சரம்மா," என்று திரவியம் எழுந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். "இதைக் கொடுத்தா களவாணிக்குக் கொடுத்தேங்கான். கொடுக்கலைன்னா ஊரை ஏமாத்திட்டேங்கான். ஒம்பது நாளா வாறவன் போறவனெல்லாம் மிஷினைப் பத்தித்தான் கேக்கான். துணி கேக்க ஒருத்தனைக் காணல. அதான் உங்களுக்கு ஆள் அனுப்பினேன். எப்பிடியாவது உண்மையைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

டீச்சர் உறையையும் உள்ளிருந்த தாளையும் கேட்டு வாங்கினார். தாளில் நான்கு சொற்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக. அடியில் தேதி, அதற்கும் அடியில் பட்டாபியின் கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நாலு வார்த்தைக்கு இவ்ளோ நாழியா?" என்றான் சேஷன்.

"வார்த்தையை எல்லாரும் வாசிச்சாச்சு. மிச்சத்தை நான் வாசிக்கேன்." டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்தார். "இது பெட்டிக்குள்ள போனது என்னைக்கு?"

"கர்க்கடகம் கடைசி நாளு, எங்க ஊருக்கு ஆடி. மறுநாள் சிங்கம் ஒண்ணு, இங்க வருஷப் பிறப்பு. நாங்க கடையைக் கழுவிட்டு நிக்கோம், பட்டாபி சாமி வந்தாரு. விடையை வீட்டுலயே எழுதிட்டு வந்திட்டாரு. தேதியும் கையெழுத்தும் மாத்திரம் எங்க கண்ணு முன்னால, இந்த மேஜையில வச்சுப் போட்டாரு. 'இன்னைக்கு என்ன தேதி ஓய்?'ன்னு என்கிட்டதான் கேட்டாரு. சொன்னேன். மடிச்சாரு, அரக்கை உருக்கினாரு, தன் மோதிரத்தை வச்சு அமுக்கினாரு."

"அப்புறம் இதை யாரு தொட்டா?"

"ஒருத்தரும் தொடல. சாவி என் அரைஞாண்கயித்துல கிடக்கு."

"ஒருத்தருமேவா?"

திரவியம் யோசித்தார். "சிங்கம் இருபத்தெட்டு வாக்குல பட்டாபி சாமி ஒருவாட்டி வந்து, முத்திரை கெட்டியா இருக்கான்னு கையில வாங்கிப் பாத்துட்டுக் கொடுத்தாரு. அவரு கவரை அவரு பாக்கிறது தொட்டதாகுமா?"

"ஆகாதுதான்," என்றார் டீச்சர். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பொன்னம்மையின் வீடு. தங்கப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். வேலை போன ஆண்பிள்ளைக்கு வீட்டுக்குள் எங்கே நிற்பதென்று தெரிவதில்லை.

"அந்த விடை அச்சுக்கே வரல, டீச்சர்," என்றான். "வராத எழுத்தை நான் எங்கேந்து கண்டேன்? நான் சொல்லி ஒருத்தரும் விஸ்வசிக்கல."

பொன்னம்மை உள்ளே ஒரு தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடையதுதான். வேறு துணி வீட்டில் கிடையாது.

"ஏழு வீட்டுக்காரங்க கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள். "நாளைக்கே மிஷின் வந்தாலும் அதுல வச்சு என்னத்தைத் தைக்க? காத்தையா?"

"நீங்க இந்த விடையை எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

"பசின்னு எழுதினேன். என் பசிக்கு முதல்ல ஞாபகம் வாறது ஊசிதான். அது கிடைச்ச பெறகு மிச்சம் ரெண்டே படியாக்கும். இதுல களவாங்க என்ன இருக்கு?"

டீச்சர் சேஷனைப் பார்த்தார். "வழியெல்லாம் ஒரு ஏணி கட்டிட்டு வந்தீங்களே. அதைக் கேளுங்க."

சேஷன் தொண்டையைச் செருமிக்கொண்டான். கரி, பரி, பல், பால் என்று மூன்று படியில் கட்டி வைத்திருந்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "கரியைப் பாலாக்கணும்," என்றான்.

பொன்னம்மை நிமிரவில்லை. "கரி, கல், பால்."

சேஷன் தன் மூன்று படியை வெளியே விடாமல் விழுங்கினான்.

"தேளை மீனாக்குங்க," என்றார் டீச்சர்.

"தேள், தேன், மீன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு பொன்னம்மை முதல் முறையாக முகத்தைத் தூக்கினாள். கண் சிவந்திருந்தது. "பரீட்சை முடிஞ்சாச்சா? நான் களவாணி இல்லைன்னு இப்ப உங்க ரெண்டு பேருக்குத் தெரியும். தெருவுக்கு எப்பிடித் தெரியும், டீச்சர்? தண்ணிக்குப் போனா வாளியை ஒதுக்கி வைக்காங்க. எங்க வீட்டுக்காரரு செத்தப்பக்கூட நான் இவ்வளவு கூனிக்குறுகல."

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் வாறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"சரி, அவளே போட்டிருக்கா. ஒத்துக்கறேன்," என்றான் சேஷன், சந்து முனையில். "பட்டாபி சாரும் அவரே போட்டிருக்கார். ரெண்டு புத்திசாலிக்கு ஒரே விடை வந்துது. இதுல குத்தவாளியே இல்லையே, டீச்சர். நாம யார்கிட்டப் போய் ஃபீஸ் கேக்கறது?"

"பட்டாபி சார் வீடு உங்க தெருதானே? அங்க போய் ஒரே ஒரு விஷயம் பாத்திட்டு வாங்க. அவங்க வீட்டுப் பஞ்சாங்கத்துல இந்த வருஷம் ஆடி மாசத்துக்கு எத்தனை நாளுன்னு."

"அதுக்கு அவாத்துப் பஞ்சாங்கம் எதுக்கு? எந்தக் கடையிலும் காலண்டர் தொங்கறதே."

"கடையில தொங்குததை நான் பாத்தாச்சு."

கோட்டைக்குள் தெற்குத் தெருவில், டீச்சர் முனையிலிருந்த வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். யார் எந்த வாசல்வரை போகலாம் என்பது அந்தக் காலத்தில் சொல்லாமலே தெரிந்த ஏற்பாடு. டீச்சருக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்பது சேஷனுக்கும் தெரியும். அதனால் ஓட்டமாகப் போனான்.

பட்டாபி வீட்டில் இல்லை. அவர் மனைவி அனந்தலக்ஷ்மி கூடத்தில் முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பஞ்சாங்கமா? மாடப்பிறையிலே இருக்கு, எடுத்துக்கோ. என்னடா சேஷா, கல்யாணமா?"

"தையல் மிஷின், மாமி."

"அந்தக் கண்றாவியா!" அனந்தலக்ஷ்மியின் முறுக்கு ஒரு சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டது. "உங்க மாமா பத்து நாளா சரியாச் சாப்பிடலை, கேட்டியா? கேட்டா ஒண்ணுமில்லேங்கறார். அவர் மூளையிலே உதிச்சதை ஒருத்தி திருடிண்டு போனா மனசு ஒடிஞ்சுதானே போகும்? அவரை இந்த ஊர்லே ஜெயிக்கறதுக்கு ஆள் கிடையாது. தஞ்சாவூர்லேந்து வந்த நாள்லேந்து நான் பார்த்துண்டிருக்கேன்."

சேஷன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். ஒரு முறுக்கையும் வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

"முப்பத்திரண்டு நாள்," என்றான் மென்றுகொண்டே.

டீச்சர் தலையை ஒருமுறை ஆட்டினார். "ஒரு ஜட்கா பிடியுங்க. அச்சாபீசுக்கு."

பட்டாபி தம்முடைய அறையில் தனியாக உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த தேகம், கனத்த கண்ணாடி. தலைக்கு மேலே நாட்காட்டி கன்னி பத்து என்று காட்டியது.

"டீச்சர், இவ்வளவு தூரம் எதுக்கு சிரமம்?" என்று எழுந்தார். "போகட்டும், விட்டுடலாம்னுதான் நான் திரவியத்துக்கிட்டேயும் சொன்னேன். யாரோ பார்த்தா, யாரோ சொன்னா. பெரிசு பண்ணவேண்டாமே."

"வீட்டுல கள்ளன் புகுந்தா எல்லாரும் கத்துவாங்க. நீங்க ஒருத்தருதான் போகட்டும்ங்கிறீங்க. அது எனக்குக் காலையிலேயே வித்தியாசமாப் பட்டுது, சார்." டீச்சர் தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். "இந்தத் தேதியை வாசியுங்க."

பட்டாபி வாசித்தார். "கர்க்கடகம் முப்பத்திரண்டு."

"கடைசி நாளு. அன்னைக்கு திரவியம் உங்களுக்கு என்ன தேதி சொன்னாரு?"

பட்டாபி தலையைத் தூக்கி மேலே தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார்.

"நான் சொல்லுதேன். முப்பத்தொண்ணு. ஏன்னா இந்த வருஷம் கர்க்கடகத்துக்கு முப்பத்தொரு நாளுதான். திருவிதாங்கூர்ல முப்பத்திரண்டாம் தேதின்னு ஒரு நாளே விடியல. ஆனா உங்க வீட்டுல விடிஞ்சுது. தஞ்சாவூர்க் குடும்பம், தர்ப்பணத்துக்கும் விரதத்துக்கும் தமிழ்ப் பஞ்சாங்கம். அதுல ஆடி ஒரு நாள் முந்திப் பிறந்துட்டுது. அதனால அதே கடைசி நாளு ஆடி முப்பத்திரண்டு. திரவியம் கடையில வச்சு எழுதியிருந்தா முப்பத்தொண்ணுன்னு இருக்கும். பல நாள் கழிச்சு, வீட்டுல உக்காந்து, பழைய தேதியைப் போடணுமேன்னு பஞ்சாங்கத்தைப் பாத்தவருக்குத்தான் இப்பிடி வரும். மாசத்தை ஆபீசுலயிருந்து எடுத்தீங்க, தேதியை வீட்டுலயிருந்து எடுத்திட்டீங்க."

சேஷன் முறுக்கு மெல்வதை நிறுத்தினான். "அப்போ பெட்டிக்குள்ளே மொதல்லே போனது..."

"வேற தாளு. பொன்னம்மை இவரு விடையைத் திருடல, சேஷன். பொன்னம்மை விடையை இவரு திருடினாரு. முத்திரை பாக்குத சாக்குல பழைய கவரை வாங்கிக்கிட்டு, வீட்டுலயே முத்திரை வச்சுக் கொண்டுவந்த இந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. மோதிரம் இவரு கையிலதானே இருக்கு."

பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அஞ்சு படி," என்றார் கடைசியில். "பசி, பசு, படு, ஆடு, ஆறு, சோறு. மூணு நாள் தூங்காமக் கட்டினேன், டீச்சர். நன்னாத்தான் இருந்தது. விடையெல்லாம் அஞ்சல்லே வந்து குவிஞ்சுது. பிரிச்சுப் பார்த்தா நாலு படியிலே ஒன்பது பேர். அதிலே ஒருத்தன் கல்லாத்துலே டீக்கடை வெச்சிருக்கான். சரி, போறது, தாங்கிக்கலாம்னு பார்த்தேன். கடைசியா இவளோடது. மூணு படி. அவள் எழுதினதைப் பார்த்தவுடனே அது ஒண்ணுதான் சரின்னு தெரிஞ்சுபோச்சு. நான் கட்டம் கட்டி என்ன போட்டிருக்கேன்னு நினைச்சுப் பாருங்கோ."

"அது சரி. அவளைத் திருடின்னு சொன்னப்ப?"

"நான் அவளுக்கு எதிரா ஒரு வார்த்தை பேசலை. சத்தியமா."

"ஆமா. அவளுக்காகவும் பேசல." டீச்சரின் குரல் உயரவில்லை. பதினெட்டு வருஷம் வகுப்பை அடக்கிய குரல் அது. "ஒம்பது நாளு, சார்."

பட்டாபி தலையைக் குனிந்துகொண்டார். "வர்றேன். அவள்கிட்டே நானே சொல்றேன்," என்றார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல அன்றைக்கு இருந்தது அது ஒன்றுதான்.

வெயில் தாழும்போது சந்துக்குள் ஒரு சின்ன ஊர்வலம் நுழைந்தது. முன்னால் திரவியத்தின் கடையாட்கள் இரண்டு பேர் மிஷினைத் தூக்கி வந்தார்கள். பின்னால் டீச்சர், சேஷன். எல்லோருக்கும் பின்னால் பட்டாபி.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து படியையும் சொன்னார். மோதிரத்தையும் சொன்னார். தங்கப்பன் நாளைக்கே வேலைக்கு வரலாம் என்றார். பொன்னம்மை மிஷினைத் திரும்பிப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிப்பை முதல் பக்கத்திலேயே போட்டுடறேன், அம்மா," என்றார் பட்டாபி. "பெரிய எழுத்திலே."

"உங்க பத்திரிகை என்னைக்கு வரும், சாமி?"

"துலாம் ஒண்ணு."

"இன்னும் இருபது நாளு கிடக்கு. அதுவரைக்கும் நான் யாரு? களவாணிதானே?" அவள் மிஷின் பக்கம் கையைக் காட்டினாள். "இதை நீங்க தரல. இது நான் ஜெயிச்சது. நீங்க எனக்குத் தரவேண்டியது வேற. ஏழு வீட்டுல என் கையிலயிருந்து துணியைப் பிடுங்கிட்டுப் போனாங்க. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு, 'திருடினது நான்'னு உங்க வாயால சொல்லணும். துணியை வாங்கிட்டு வந்து என் கையில தரணும். இன்னைக்கே."

பட்டாபி, எம்.ஏ., டீச்சரைப் பார்த்தார். டீச்சர் உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டாபி சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "சொல்லும்மா."

பொன்னம்மை சொன்னாள். சாலையில் மூன்று வீடு. அட்டக்குளங்கரையில் ஒன்று. பழவங்காடிக்குப் பின்புறம் இரண்டு. யார், என்ன துணி, எத்தனை கஜம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பட்டாபி அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார்.

"ஆறு ஆச்சு. ஏழாவது?"

"கோட்டைக்குள்ள தெற்குத் தெரு. அனந்தலக்ஷ்மி மாமி. ரெண்டு ரவிக்கைத் துணி. 'எங்காத்துக்காரர் மூளையைத் திருடினவ தைச்சதை நான் உடம்புல போடமாட்டேன்'னு சொல்லி எடுத்திட்டுப் போனாங்க."

பட்டாபியின் பேனா நின்றுவிட்டது.

"அந்த ஒரு வீட்டுக்கு மட்டும்," என்றார் பட்டாபி மெல்ல, "பத்திரிகை தவறாமப் போறது. அவ படிச்சுத் தெரிஞ்சுப்பா. மத்த ஆறு வீட்டுக்கும் இப்பவே போறேன்."

"வேண்டாம், சாமி," என்றாள் பொன்னம்மை. குரலில் இப்போது கோபம் இல்லை. "அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனாப் போதும். மத்த ஆறு வீட்டுக்கும் மாமியே போய்ச் சொல்லிருவாங்க."

பட்டாபி நோட்டை மூடிப் பையில் வைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கோட்டைப் பக்கமாக நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார்.